திருடன் சீட்டும் கணக்கு நோட்டும்

1

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். ஐந்து துண்டுச் சீட்டு, ஐந்து பேர். குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். போலீஸ் மட்டும் தன் சீட்டை விரித்துக் காட்டி, மற்ற நான்கு பேரில் திருடன் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் போலீசின் மதிப்பெண் அவருக்கே. தப்பாகச் சொன்னால் அது திருடனுக்குப் போய்விடும். ராஜாவுக்கு ஆயிரம், பிடிபட்ட திருடனுக்குச் சுழி. இடையிலுள்ள எண்களும் விதிகளும் ஊருக்கு ஊர் மாறும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களில் பலருக்கும் இது பழகிய ஆட்டம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்; ஆட்டம் முடிந்ததும் கீழே ஒரு கோடு, கூட்டல்.

இதற்கு உறவான ஓர் ஆட்டத்தை 1986இல் மாஸ்கோவில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி தவீதவ் 'மாஃபியா' என்ற பெயரில் உருவாக்கினார். ரகசியம் தெரிந்த சிறுபான்மை, தெரியாத பெரும்பான்மை என்பது அதன் அமைப்பு. 2018இல் வெளிவந்து 2020இன் ஊரடங்குக் காலத்தில் செல்போன்களில் பரவிய 'அமங் அஸ்' அதன் வாரிசு. இந்த ஆட்டங்களை ஆடுகிறவர்களில் சிலர் இப்போது தங்கள் ஆட்டங்களுக்குத் தனிக் கணக்கு வைக்கிறார்கள். எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எந்த வேடத்தில் தோல்வி என்று எழுதிப் பார்த்தால் தேறிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறில்லை. ஆனால் நோட்டில் எந்தப் பத்தியை எழுதுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதைப் பேசாமல் நோட்டைத் திறக்க முடியாது.

2

முதலில் கூட்டலைப் பார்ப்போம். மொத்த மதிப்பெண்ணில் முந்தியவன் திறமைசாலி என்று சொல்கிறோம். ராஜா என்ன செஞ்சான்? ஒண்ணும் செய்யலை. சீட்டு வந்தது, ஆயிரமும் வந்தது. ராணி, மந்திரி கதையும் அதேதான். திறமைக்கு இடமுள்ள வேடங்கள் இரண்டுதான்: கண்டுபிடிக்க வேண்டிய போலீஸ், மறைக்க வேண்டிய திருடன். ஆக, மொத்தக் கூட்டல் பெரும்பாலும் பிறப்பின் கணக்கு. தேற நினைப்பவர் வேடவாரியாகக் கணக்கைப் பிரித்தாக வேண்டும்.

பிரித்த பிறகும் சிக்கல் தீராது. ஒருவர் 40 முறை போலீசாக இருந்து 14 முறை சரியாகப் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 35. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டியிருந்தாலே நான்கில் ஒன்று, அதாவது சுமார் 10 முறை பிடித்திருப்பார். அந்த நான்கு அதிகம் திறமையா, அதிர்ஷ்டமா என்று 40 ஆட்டத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சும்மா யூகிப்பவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 14 அல்லது அதற்கு மேல் வந்துவிடும்.

இப்போது ஒரு பத்தியைச் சேர்ப்போம்: யாரைக் கைகாட்டினேன்? 40இல் 20 முறை ஒரே ஆளை, கடைசி பெஞ்சுக்காரனைக் காட்டியிருக்கிறார். அதில் 5 முறை அவன் திருடன். மற்ற மூவரையும் சேர்த்து 20 முறை காட்டியதில் 9 பேர் பிடிபட்டார்கள், ஆளுக்கு மூன்று. பழைய நோட்டு என்ன சொல்லும்? 'அதிகம் பிடிபட்டவன் கடைசி பெஞ்சுக்காரன், 5 முறை. மத்தவங்க மூணு மூணுதான். அவன் மேல ஒரு கண் இருக்கட்டும்.' புதிய பத்தியோடு படித்தால் கதை தலைகீழாகிறது. அவன் விஷயத்தில் 20க்கு 5. குருட்டு யூகத்துக்குக் கிடைக்கும் அதே நான்கில் ஒன்று. அவனைப் பற்றிப் போலீசுக்கு எதுவுமே தெரியவில்லை. மற்றவர்கள் விஷயத்தில்தான் (20க்கு 9) ஏதோ தெரிந்திருக்கிறது. அவன் அதிகம் பிடிபட்டதற்குக் காரணம் அவன் மேல் அதிகம் கை நீண்டது மட்டுமே.

'பிடிபட்டவர் எண்ணிக்கை' என்ற புள்ளிவிவரம் பிடிக்கிறவரின் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதைத் திருடரைப் பற்றிய உண்மையாக மட்டும் வாசிக்கும்போது அதிகாரம் தன்னை மறைத்துக்கொள்கிறது.

3

முகம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் திறன் பற்றிய ஆய்வுகளைச் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 24,000 பேரின் தீர்ப்புகள். சராசரிச் சரி நூற்றுக்கு 54. காசு சுண்டினால் 50. 'திருட்டு முழி' என்று நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அந்த முழி முழிக்கிறவனிடத்தில் இருக்கிறதா, பார்க்கிறவனிடத்தில் இருக்கிறதா என்பதை நூற்றுக்கு நான்கு என்ற இந்த வித்தியாசத்தை வைத்து யோசிக்கலாம்.

4

சீட்டு என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் இன்னொரு ஞாபகம் உண்டு: ராதாரிச் சீட்டு. 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிரமலைக் கள்ளர்கள் 1910களில் படிப்படியாக அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். கைரேகை பதிய வேண்டும். இரவில் ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வேண்டும். 1897இல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பிரிவு இதற்கான தொழில்நுட்பத்தைத் தந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். 1895இல் பெரியாறு அணை நீர் வந்து வயல்காடு விரிந்த கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களிடமும் இந்தக் கண்காணிப்பு எப்படி வேலை செய்தது, 'நல்ல விவசாயி' என்ற வார்ப்புக்குள் அவர்களைக் கொண்டுவர என்னென்ன நடந்தன என்பதை ஆனந்த் பாண்டியனின் 2009ஆம் ஆண்டு ஆங்கில நூல் விரிவாகப் பேசுகிறது.

அந்தப் பதிவேட்டை நம் ஆட்ட நோட்டோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒரு களவு நடந்தால் பதிவில் உள்ளவனை முதலில் கூப்பிடுவார்கள். அதிகம் கூப்பிடப்படுபவன் அதிகம் மாட்டுவான். அதிகம் மாட்டியதே பதிவு சரியென்பதற்குச் சாட்சியாகும். கடைசி பெஞ்சுக்காரனின் 5தான் இது. 'யாரை எத்தனை முறை கைகாட்டினோம், எத்தனை முறை தப்பு' என்ற பத்தி ரேகைப் பதிவேட்டில் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லாச் சீட்டும் விரிக்கப்படுகிறது. போலீஸ் தன் தவறை எல்லோர் முன்னிலையிலும் பார்த்தாக வேண்டும். பிறகு சீட்டுகளைச் சேர்த்து மறுபடி குலுக்குகிறார்கள். போன சுற்றுத் திருடன் இந்தச் சுற்றில் ராஜா. ரேகைச் சட்டத்தில் இந்த இரண்டுமே இல்லை. சீட்டைத் தாயின் வயிற்றிலேயே எழுதிவிட்டார்கள், மறுகுலுக்கல் கிடையாது.

சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்கியது. ஆனால் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதிக்குப் பதில் தனியாள் என்று எழுத்தில் மாறியது. பழகிய கண்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்து சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறை விதிகளில் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வாசகங்களை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வாசகங்கள் அதுவரை அங்கே இருந்தன என்பதுதான் செய்தி.

சந்தேகிக்கப்பட்டவர்கள் சந்தேகிக்க மாட்டார்கள் என்றும் இல்லை. 1989இல் போடி வட்டாரத்தில் தலித்துகள் மீது நடந்த வன்முறை நம் முன்னால் கிடக்கிறது. பதிவேட்டின் வலியை அனுபவித்தவர்களிடமும் அடுத்தவருக்கான ஒரு பதிவேடு இருக்க முடியும். 'நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள்' என்ற கதையாடல் அதற்கு மூடியாகிவிடக் கூடாது.

5

'விளையாட்ட விளையாட்டாப் பார்க்கக் கூடாதா?' என்று கேட்கலாம். தாராளமாகப் பார்க்கலாம், தேறுவதற்கான வழியே இதில்தான் இருக்கிறது. போலீசாக வரும்போதெல்லாம் நான்கு விஷயம் எழுதுங்கள்: யாரைக் காட்டினேன், ஏன் காட்டினேன், உண்மையில் யார், என் பேச்சைக் கேட்டுக் கூட்டத்தில் யார் யார் தலையாட்டினார்கள். காரணத்தைச் சீட்டு விரியும் முன்பே எழுதிவிட வேண்டும். விரிந்த பிறகு எழுதினால் அதற்கேற்ற காரணம் தானாக வந்து நிற்கும். திருடனாக வரும்போது எத்தனை முறை தப்பினேன், யார் கண்ணில் பட்டேன் என்பதும் வேண்டும். ஐம்பது நூறு ஆட்டம் சேர்ந்த பிறகு 'ஏன்' பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். 'சிரிச்சான்', 'சிரிக்கலை', 'அவன் எப்பவும் அப்படித்தான்' என்றே நிறைந்திருக்குமானால், சரிசெய்ய வேண்டியது எதுவென்று தெரிந்துவிடும்.

எதிராளியை அறியும் கருவி என்றுதான் இந்தக் கணக்கை எல்லோரும் தொடங்குகிறார்கள். ஒழுங்காக எழுதினால் அது எழுதுகிறவரின் சந்தேகங்களுக்கான பதிவேடாகிவிடும். ஆட்டத்தில் ஐந்து பேர் நடுவில் அதைச் செய்ய முடிகிறது. ஊர்க் கூட்டத்திலும், இயக்கத்துக்குள் 'உளவாளி யார்' என்று கை நீட்டும் இடத்திலும், பொது டைரி எழுதும் காவல் நிலையத்திலும் அந்தப் பத்தியை யார் எழுதுவது?