தேசவழமையும் தங்கையின் பங்கும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமையைச் சட்டம் பயில்வோர் படிக்கின்றனர். இலக்கியம் பயில்வோர் தொடுவதில்லை. பரீட்சைக்கும் வழக்குக்கும் உரிய நூல் என்று அதை ஒதுக்கிவிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தில் தகப்பன் இறந்த பின் வீட்டுக்குள் என்ன நடந்தது, யார் முதலில் வாய் திறந்தார், யார் வாய் திறக்க இயலாமல் இருந்தார் என்பதை அறிய இதைப்போல் உதவும் நூல்கள் மிகச் சிலவே. அக்காலத்துப் பிரபந்தங்களில் அரசனும் தலைவியும் வருவார்கள். கிணற்றில் பாதிப் பங்கு கேட்கும் தம்பி வரமாட்டான். தேசவழமையில் அவன் வருகிறான்.

நூலின் பிறப்பு வரலாறு சுருக்கமானது. 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அரை நூற்றாண்டு ஆண்ட பிறகும் உள்ளூர்க் குடும்ப வழக்குகளைத் தீர்க்கத் திணறினர். 1706இல் ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ், நாட்டு வழக்கங்களைத் தொகுத்துத் தருமாறு ஆணையிட்டார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், 1707 ஜனவரியில் தொகுப்பை ஒப்படைத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டப்பட்டது; சரிதான் என்று அவர்கள் ஒப்புதல் அளித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலிமை தந்தனர்.

நூலின் அடித்தளம் மூன்று சொற்கள்: முதுசொம், சீதனம், தேடியதேட்டம். முன்னோர் வழி வந்தது முதுசொம். பெண் மணமாகும்போது கொண்டுவருவது சீதனம். கணவனும் மனைவியும் வாழுங்காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். கடைசிச் சொல்லின் அழகை நின்று நுகரவேண்டும். வடமொழியிலிருந்தோ ஒல்லாந்த மொழியிலிருந்தோ கடன் வாங்காமல், தேடுதல் என்னும் ஒரே வினையை இருமுறை அடுக்கி, ஒரு தம்பதியின் ஆயுட்கால உழைப்பு முழுவதையும் இச்சொல் அடக்கிவிடுகிறது. சட்ட நூல்களில் இத்தகைய சொற்கள் அரிது.

பழைய வழக்கில் தகப்பனின் முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்று நூல் சொல்கிறது. போர்த்துக்கீசர் காலத்தில் இந்த வரம்பு குலைந்தது. மூவகைச் சொத்திலிருந்தும் கலந்து சீதனம் கொடுக்கத் தலைப்பட்டனர். ஆக, ‘தொன்றுதொட்ட வழக்கம்’ என்று 1707இல் எழுதப்பட்டதே முந்திய நூறாண்டுக்குள் மாறிப்போன வழக்கம். இதை நூலே மறைக்காமல் ஒப்புக்கொள்வது அதன் நேர்மை. வழக்கம் என்றாலே மலைபோல் அசையாதது என்று வாதிடுவோர் இப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

இனி, வடமராட்சியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பன் இறந்துவிட்டார். அவருடைய முதுசொமாக ஒரு பனந்தோப்பு. மனைவியின் சீதனமாகக் கிணற்றோடு கூடிய ஒரு காணி. இருவரும் தேடிய புகையிலைத் தோட்டம். பிள்ளைகள் நால்வர். மூத்த மகள் சீதன ஓலையோடு கணவன் வீடு சென்றுவிட்டாள். இளையவள் இன்னும் வீட்டில் இருக்கிறாள். மணமாகாத மூத்த மகன் திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பும் வணிகத்தில் கொஞ்சம் பணம் பார்த்திருக்கிறான். இளையவன் வீட்டுத் தோட்டத்தில் உழைத்தவன்.

தேசவழமை இந்த வீட்டின் வாசலில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வதைப் பாருங்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை ஆண்மக்கள் எதையும் கேட்கக்கூடாது. இளையவளின் சீதனத்தைத் தாய் கொடுத்து அவளைக் கரையேற்றவேண்டும். மூத்த மகன் மணமாகாதிருந்த காலத்தில் ஈட்டியதைப் பொதுச்சொத்தில் சேர்க்கவேண்டும். தன் உடலில் அணிந்திருக்கும் பொன்னையும் வெள்ளியையும் மட்டும் அவன் வைத்துக்கொள்ளலாம். தாய் மறுமணம் செய்தால் கதை வேறு: தகப்பன் கொண்டுவந்த சொத்தையும் தேட்டத்தில் பாதியையும் மகன்கள் கேட்கலாம். தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்தாலோ, தாயின் தாய் பேரப்பிள்ளைகளைத் தன்னிடம் அழைத்துக்கொள்வாள். இறந்த மகளின் சீதனத்தையும் தேட்டத்தில் பாதியையும் மருமகன் அந்தக் கிழவியிடம் ஒப்படைக்கவேண்டும். மாற்றாந்தாய்க் கொடுமை பற்றி நம் நாட்டில் எத்தனையோ கதைகள் உண்டு. கண்ணீர் வடித்ததோடு அக்கதைகள் நின்றன. இந்த நூல் பாட்டியின் கையில் காணியைக் கொடுத்தது.

கைம்பெண்ணை வீட்டின் தலைமையில் நிறுத்தும் இந்த ஏற்பாடு உயர்வானதே. பிள்ளைகள் உள்ள விதவைக்கு நம் ஷரீஅத் எட்டில் ஒரு பங்கை அவளுக்கே சொந்தமாக்குகிறது. தேசவழமை எதையும் புதிதாகச் சொந்தமாக்காமல் எல்லாவற்றையும் அவள் ஆளுகையில் விடுகிறது. இரண்டும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவை. ஒன்று உரிமையை உடனே பிரித்து வழங்குகிறது. மற்றது வீடு சிதறாமல் காக்க உரிமையை ஒத்திவைக்கிறது. ஒத்திவைத்த உரிமைக்காக நாற்பது வயது மகனும் காத்திருக்க நேரும் என்பதையும் கருதவேண்டும்.

நூலில் என்னை மிகவும் ஈர்த்தது சுவீகாரம் பற்றிய பகுதி. பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தால், நாளை வாரிசாக வரக்கூடிய உடன்பிறந்தாரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்குக் கையெழுத்து இல்லை. ஊர் நாவிதரும் வண்ணாரும் சாட்சிகளாக நிற்க, மஞ்சள் நீர் வைக்கப்படும். சம்மதிக்கும் உறவினர் அதில் விரலைத் தோய்ப்பர். பின்னர் வளர்ப்புப் பெற்றோர் அந்த நீரைப் பருகுவர். விரல் தோய்த்தவர் தம் வாரிசுரிமையை அந்தக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்தவராவார். தோய்க்காமல் ஒதுங்கி நின்றவரின் உரிமை அழிவதில்லை.

ஒரு நாடகாசிரியன் இதைவிடச் செறிவாக ஒரு காட்சி அமைத்துவிட முடியுமா என்பது ஐயமே. ஒரு பாத்திரம், சுற்றி நிற்கும் உறவினர், நடுவே ஒன்றும் அறியாத குழந்தை. அண்ணன் விரலை வைக்கிறான். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். எழுத்தறியாத ஊரும் கண்டு நினைவில் வைக்கக்கூடிய ஆவணம் இது. கட்டாயம் இல்லை, மறுத்தவன் மறுத்தவனாகவே இருக்கலாம். உரிமையை விடுவது மௌனத்தால் நிகழாது, வெளிப்படையான செயலால்தான் நிகழும் என்ற நுட்பமான கொள்கை அந்த மஞ்சள் நீரில் கரைந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பம் அறிந்த நூல், மகள் விஷயத்தில் ஏன் அந்த நுட்பத்தைக் கைவிட்டது? சீதனம் பெற்றுச் சென்ற மகள் அதனோடு நிறைவடையவேண்டும். பெற்றோரின் எஞ்சிய சொத்தில் அவளுக்குக் கேள்வி இல்லை. அவள் எங்கும் விரல் தோய்க்கவில்லை. அவள் சம்மதித்தாளா என்று கேட்பவர் இல்லை. சீதன ஓலை எழுதப்படும் நேரத்தில் மணக்கோலத்தில் இருக்கும் பெண் காணியின் அளவைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? போதாக்குறைக்கு, சீதனக் காணியைப் பத்தாண்டுக்குள் கையேற்காவிட்டால் அதையும் இழப்பாள். ஓலை மட்டும் போதாது; கணவன் போய் ஆண்டாகவேண்டும்.

இந்தக் குறைக்குக் காரணம் தொகுத்த முறையிலேயே இருக்கிறது. கேட்டு எழுதியவர் ஓர் ஐரோப்பிய அதிகாரி. சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். அனைவரும் ஆண்கள், முதலியார்களோ நிலமும் பதவியும் உடையவர்கள். அடிமைகளைப் பற்றி நூல் பேசும் பக்கங்களில் இது இன்னும் கசப்பாகத் தெரிகிறது. மாடும் மரமும் போல மனிதர்களும் பங்கிடப்படும் பொருளாக அங்கே எண்ணப்படுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். அந்தப் பக்கங்களை ‘அக்கால வழக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. அந்த மக்களிடம் யாரும் போய் உங்கள் வழக்கம் என்ன என்று கேட்கவில்லை. ஆகவே அது நாட்டின் ஒரு பகுதியாருடைய வழக்கமே.

நிலம் விற்பது பற்றிய பகுதி நம் வாசகர்களுக்குப் பழகிய பொருளாகத் தோன்றும். காணியை விற்க நினைப்பவன் முதலில் வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் ஒற்றி பிடித்தவருக்கும் அறிவிக்கவேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கே. ஃபிக்ஹு நூல்கள் ‘ஷுஃப்ஆ’ என்று கூறுவதும் ஏறத்தாழ இதுவே. ஷாஃபியீ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே அந்த உரிமை. ஹனஃபீ மத்ஹபில் அண்டை நிலத்துக்காரருக்கும் உண்டு. தேசவழமை இவ்வகையில் ஹனஃபீ கருத்துக்கு நெருங்கி நிற்கிறது. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியது என்று இதைக்கொண்டு யாரும் அவசரப்பட்டு எழுதவேண்டாம். ஒரே கிணற்றில் நால்வர் நீர் இறைக்கும் ஊரில், அயலவன் யார் என்பது எவருக்கும் கவலைதான். ஒல்லாந்தர் இந்த அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் படிக்கவைத்தனர் என்பது வேடிக்கையான பின்கதை. சைவ விவசாயியின் காணி விற்பனை பாதிரியார் முன்னிலையில் முழங்கிற்று.

தேசவழமை நமக்குரிய சட்டமன்று. அது யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. இலங்கை முஸ்லிம்களுக்கு அதே 1806இல் தனித் தொகுப்பு ஏற்பட்டது. பிறகு ஏன் இத்தனை ஆர்வம் என்று கேட்கலாம். அதன் ஒரு விதி, சட்டமாக அன்று, பழக்கமாக நம் வீடுகளுக்குள் வாழ்வதால்தான். வாப்பா மௌத்தான பின் பங்கு பிரிக்க அமரும் காக்காமார், ‘லாத்தாவுக்குத்தான் கலியாணத்திலேயே எல்லாம் செய்தாயிற்றே’ என்று சொல்வதை எத்தனை ஊர்களில் கேட்டிருக்கிறோம்! நகையும் சீரும் வீடும் கணக்கில் வருகின்றன. மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று என அன்னிஸா அத்தியாயம் வகுத்த கணக்கு வருவதில்லை. தந்தை உயிரோடிருந்து கொடுத்தது அன்பளிப்பு. அவர் விட்டுச்சென்றதில் மகளின் பங்கு, அவர் கண்மூடிய கணத்தில் அல்லாஹ் விதித்தது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. முதலியார்கள் சொன்னதைப் பேசிக்கொண்டு, அதை மார்க்கம் என்று நம்பியிருக்கிறோம்.

‘தங்கச்சி மனம் உவந்து விட்டுக்கொடுத்தாள்’ என்பது அடுத்த வாதம். விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கு எவ்வளவு என்று அளந்து, அவள் பெயரில் எழுதி, அவள் கையில் கொடுத்த பிறகு அவள் திருப்பித் தந்தாளா? அல்லது, அண்ணன் வீட்டு வாசல் நாளைக்குத் தனக்கு அடைபட்டுவிடுமே என்ற அச்சத்தில் தலையாட்டினாளா? தத்துப்பிள்ளைக்காக யாழ்ப்பாணத்தார் மஞ்சள் நீர் வைத்துக் கேட்ட கேள்வியை நாம் நம் சகோதரியிடம் கேட்பதில்லை.

நூலின் மொழி பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழர் வாய்மொழியாகச் சொன்னது ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டது, அதிலிருந்து ஆங்கிலமாயிற்று, நீதிமன்றங்கள் அந்த ஆங்கிலத்தையே படித்துத் தீர்ப்பளித்தன. 1862இல் முத்துக்கிருஷ்ணா வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு வழக்கறிஞரிடையே பெயர் பெற்றது. முதுசொமும் தேடியதேட்டமும் இரண்டு ஐரோப்பிய எழுத்துக்களில் உருக்குலைந்து அலைந்து, தமிழ் வழக்காளியிடமே அந்நியச் சொற்களாகத் திரும்பி வந்தன. வாரிசுரிமைப் பகுதியை 1911ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் மாற்றியமைத்தது. முன்வாங்கும் உரிமைக்கு 1947இல் தனிச் சட்டம் வந்தது. மஞ்சள் நீர்ப் பகுதியைத் தேடிப் படிக்க விரும்புவோர், நூலின் முதற்பிரிவான வாரிசுரிமையை முடித்துவிட்டு அடுத்த பிரிவைப் புரட்டட்டும். சில பக்கங்களே அது.