லேப்வியூவில் வயர் இழுப்பது

லேப்வியூ நிரலில் வரிகள் இல்லை. பிளாக்குகளும் அவற்றை இணைக்கும் வயர்களும்தான். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986-ல் வெளியிட்ட இந்த நிரலாக்கச் சூழல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற மின்னணு, கருவியியல் துறைகளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வயரின் நிறமே தரவின் வகையைச் சொல்லிவிடும்: தசம எண்ணுக்கு ஆரஞ்சு, முழு எண்ணுக்கு நீலம், ஆம்-இல்லைக்குப் பச்சை, எழுத்துச் சரத்துக்கு இளஞ்சிவப்பு. பொருந்தாத முனைகளை இணைத்தால் வயர் கறுத்துத் துண்டு துண்டாகி, நடுவே சிவப்புப் பெருக்கல் குறி விழும். ஓட்டும் அம்புக்குறியும் உடைந்து நிற்கும். பிழையை இவ்வளவு கண்ணெதிரே காட்டுவது பெரிய உபகாரம். எல்லா உள்ளீடுகளும் வந்து சேர்ந்த பிறகே ஒரு பிளாக் இயங்கும். ஒன்றையொன்று சாராத இரண்டில் எது முந்தும் என்பதைப் படத்தில் அவை இருக்கும் இடம் தீர்மானிப்பதில்லை. வரிசை வேண்டுமென்றால் பிழைத்தகவல் வயரை முதலாவதிலிருந்து அடுத்ததற்கு இழுத்துவிட வேண்டும்.