அறிக்கையிட்ட பிறகு

அமெரிக்கச் சுவிசேஷச் சபைகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓர் ஊழியம் தனியாக வளர்ந்து வந்திருக்கிறது. வீட்டிலும் சொல்லாமல் ஆலயத்திலும் சொல்லாமல் விசுவாசிகள் சுமக்கும் பாலியல் போராட்டங்களைப் பேசவைப்பதே தமக்குக் கிடைத்த அழைப்பு என்று நம்பும் போதகர்களின் ஊழியம் அது. 2000இல் மிச்சிகன் மாநிலத்தில் கவனன்ட் ஐஸ் என்னும் மென்பொருள் உருவானது. ஒருவர் இணையத்தில் எதைப் பார்க்கிறார் என்ற விவரம், அவரே தேர்ந்துகொண்ட நண்பருக்குப் போய்ச் சேரும். 2002இல் கிரெய்க் கிராஸ், மைக் ஃபாஸ்டர் என்ற இரு இளம் போதகர்கள், லாஸ் வேகஸில் நடந்த ஆபாசப்படத் தொழில் கண்காட்சிக்கே சென்று தங்கள் ஊழியத்தைத் தொடங்கினார்கள். இந்த அழைப்பு உண்மையானது, தேவையானது என்றே கருதுகிறேன். ஆனால் கேட்பதில் காட்டும் அக்கறையை, கேட்டதைப் பிரித்தறிவதில் இந்த ஊழியம் காட்டவில்லை. பாவம், நோய், குற்றம் என்ற மூன்றும் ஒரே அறையில், ஒரே ஜெபத்தோடு முடிந்துவிடுகின்றன.

முதலில் அதன் பலம். சமூகவியலாளர் சாமுவேல் பெர்ரி 2019இல் வெளியிட்ட ‘அடிக்டட் டு லஸ்ட்’ என்ற நூலில், பழமைவாத புராட்டஸ்டண்டுகள் மற்ற அமெரிக்கர்களைவிட அதிகமாக ஆபாசப்படம் பார்ப்பவர்கள் அல்லர், ஆனால் பார்த்துவிட்டால் மற்றவர்களைவிட அதிகமாக உடைந்துபோகிறவர்கள் என்று காட்டுகிறார். பண ஆசைக்கும் கோபத்துக்கும் தராத எடையைச் சபை இச்சைக்குத் தருவதே இதற்குக் காரணம் என்பது அவர் வாதம். பெண்களின் நிலை இன்னும் கடினம். இது ஆண்களின் பாவம் என்றே பிரசங்கிக்கப்படுவதால், அவர்களுக்கு அமர்ந்து பேச ஒரு வட்டம்கூட இருப்பதில்லை. இப்படி ஒடுங்கிக் கிடப்பவர்களிடம் ஒரு போதகர், ‘நீ தனியாக இல்லை’ என்று சொல்வதே பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

சிக்கல் அடுத்த சொல்லில் தொடங்குகிறது. வந்தவருடைய போராட்டத்துக்கு உடனே ‘அடிமைத்தனம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தாம் ஆபாசத்துக்கு அடிமை என்று ஒருவர் நம்புவதற்கும் அவருடைய மதப்பற்று, ஒழுக்கக் கண்டிப்பு ஆகியவற்றுக்கும் இடையே வலுவான தொடர்பு தெரிந்தது. அவர் எவ்வளவு பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்தபோது, ஒழுக்கக் கண்டனத்திலிருந்து மட்டும் எழும் மனவேதனையை அந்தக் கோளாறாகக் கொள்ளக்கூடாது என்று வரையறுத்தது. மாதம் ஒருமுறை தடுமாறும் இளைஞனுக்கு நோயாளி என்ற பெயரைக் கொடுத்தால் அவனுடைய வெட்கம் கரைவதில்லை, கெட்டிப்படுகிறது. உண்மையிலேயே கட்டுப்பாட்டை இழந்தவரோ, மருத்துவரிடம் போக வேண்டியிருக்க, வாராவாரம் சபைக் குழுவுக்கு வந்துகொண்டிருக்கிறார்.

இதைவிடக் கொடியது குற்றத்தைப் போராட்டமாகக் கேட்டுக்கொள்வது. 2018 ஜனவரியில் மெம்பிஸ் நகரின் பெரிய சபை ஒன்றில் ஒரு போதகர் மேடையேறி, இருபது ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸில் ஒரு மாணவியுடன் தமக்கு நிகழ்ந்த ‘பாலியல் சம்பவம்’ பற்றி அறிக்கையிட்டார். அப்போது அவர் இளைஞர் ஊழியர். அவருடைய பொறுப்பில் இருந்த அந்தப் பெண்ணுக்கு வயது 17. அவரை நம்பிக் காரில் ஏறியிருந்த நேரத்தில் நடந்தது அது என்று அந்தப் பெண் பொதுவில் எழுதிய பிறகே இந்த அறிக்கை வந்தது. சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் தீயவர்கள் என்பதல்ல காரணம். விழுந்தவன் வாய்திறந்தால் அணைத்துக்கொள்ள வேண்டும் என்றே பல ஆண்டுகளாகப் பழக்கப்பட்டிருந்தார்கள். மறைவான இச்சையை அறிக்கையிடுபவருக்கும், மற்றொருவரின் உடலுக்குத் தீங்கு செய்ததை அறிக்கையிடுபவருக்கும் ஒரே வரவேற்பைத் தர அந்தப் பழக்கம் போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டே ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ், தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளில் 20 ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்டோர் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதை வெளிக்கொண்டு வந்தது. மென்பொருளும் இங்கே உதவாது. சிறார் ஆபாசப் படங்களை வைத்திருந்ததாக 2021இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிப் பிரபலத்தின் கணினியில் கவனன்ட் ஐஸ் இருந்தது. கணினியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவி அவர் அதைச் சுற்றிப் போனார் என்று விசாரணையில் தெரிந்தது.

இப்படிப் பிரிக்கத் தொடங்கினால் யாரும் வாய்திறக்க மாட்டார்கள், பழைய மௌனமே திரும்பும் என்று சில போதகர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். ஆனால் எல்லை எங்கே என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் நம்பிக்கை உடையாது. ‘உன் மனப்போராட்டம் இந்த அறையைத் தாண்டாது. கட்டுப்பாடு போய்விட்டதென்றால் மருத்துவரிடம் நானே கூட வருவேன். ஒரு பிள்ளைக்கோ, உன் பொறுப்பில் இருந்த ஒருவருக்கோ தீங்கு செய்திருந்தால் காவல்துறைக்குச் சொல்வேன், உன் பெயருக்கு முன் அவர்களுடைய பாதுகாப்பைப் பார்ப்பேன்’ என்று போதகர் சொல்லலாம். இதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். இப்படிப் பிரிப்பதால் இந்த ஊழியம் பாவமன்னிப்பைக் கைவிட்டு உளவியலுக்கு மாறுகிறது என்ற குற்றச்சாட்டு அவ்வளவு வலுவானதல்ல. மன்னிப்பு தேவனுடையது என்று நம்பும் சபையே, பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாகத் தான் மன்னிக்க முடியாது என்பதையும் முதலில் அறிந்திருக்க வேண்டும். மெம்பிஸில் அந்தப் போதகர் இரண்டு மாதங்களுக்குப் பிறகே பதவி விலகினார். கைதட்டல் ஓய்ந்த அந்த ஞாயிறன்று, அந்தப் பெண் எங்கே, அவருக்கு என்ன வேண்டும் என்று மேடையில் இருந்து ஒருவராவது கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதங்கள் தேவைப்பட்டிருக்காது.