ஆப்பிரிக்கச் சட்டியில் பெரியகுளத்து முருங்கை

ஆப்பிரிக்காவில் முருங்கைக்கு ஒற்றைப் பெயர் கிடையாது. ஹௌசா மக்களுக்கு அது சோகலே. செனகலின் உலோஃப் மொழியில் நெபெதாய். சாகாதது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் திரிந்து வந்த பெயர் என்பார்கள். நைல் கரையில் அதற்குத் ‘தெளிவிக்கும் மரம்’ என்று பெயர். பெயரோடு பக்குவமும் மாறுகிறது. ‘ஆப்பிரிக்க உணவு’ என்று ஒரு சொல்லில் அடக்குவது எத்தனை பெரிய பிழை என்பதற்கு இந்த ஒரு மரமே போதும்.

தெற்கு எத்தியோப்பியாவின் கொன்சோ மக்கள் வளர்ப்பது நம் முருங்கை அல்ல; அதே குடும்பத்தில் ஆப்பிரிக்க மண்ணிலேயே பிறந்த இனம். அடிமரம் பருத்திருக்கும், இலை பெரிது. மழை பொய்க்கும் மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்களில் சோளத்துக்கு நடுவே இதை வைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தை யுனெஸ்கோ 2011இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சோள மாவை உருண்டை பிடித்து முருங்கையிலையோடு வேகவைத்தால் குர்குஃபா, அன்றாடச் சாப்பாடு. கீரை அங்கே தொடுகறி அல்ல, சாப்பாட்டில் பாதி.

மேற்கே போனால் சுவை வேறு. ஹௌசாப் பெண்கள் அவித்த இலையில் வெங்காயம், மிளகாய், பொடித்த குலிகுலி சேர்த்துப் பிசைந்து சந்தையில் விற்கிறார்கள். குலிகுலி என்பது எண்ணெய் பிழிந்த நிலக்கடலைச் சக்கையைப் பொரித்தது. தேனிப் பக்கம் மாட்டுத் தொட்டிக்குப் போகும் புண்ணாக்கு அங்கே மனிதர் விரும்பும் தின்பண்டம். செனகலில் கம்பு மாவைக் குருணையாக உருட்டி ஆவியில் வேகவைத்து, மேலே முருங்கையிலைக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆண்டிபட்டி மானாவாரிக் காட்டில் விளையும் கம்பும் சோளமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்தவை. முருங்கை எதிர்த்திசையில் போனது.

சூடானுக்கு இந்திய முருங்கை ஆங்கிலேயர் காலத்தில் அழகு மரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பயன் கண்டவர்கள் ஊர்ப் பெண்கள். களிமண் கரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. முருங்கை விதையை இடித்துக் கலக்கிவிட்டால், அதிலுள்ள புரதம் சேற்றுத் துகளைத் திரட்டி அடியில் படியவைக்கும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டை உரைத்த தமிழ் வீடுகளும் செய்தது இதே வேலைதான்.

தேனி மாவட்டப் பெரியகுளத்தின் பங்கு 1989இல் தொடங்குகிறது. அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவ்வாண்டு வெளியிட்ட பி.கே.எம் 1, போத்து வெட்டி நடாமல் விதை ஊன்றி வளர்க்கும் செடிமுருங்கை. ஆறு மாதத்தில் காய்க்கும்; காய் இரண்டடியைத் தாண்டும். விதை என்பதால் கடல் கடப்பது எளிதாயிற்று. நைஜர் போன்ற நாடுகளில் அதைப் பாத்திகளில் நெருக்கி விதைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை கொத்தாக அறுக்கிறார்கள். காய்க்காகத் தேர்ந்தெடுத்த ரகம் அங்கே காய்க்கும் உயரத்துக்கு வளர்வதே இல்லை. கீரையாகி, குலிகுலியோடு சேர்ந்துவிடுகிறது.