எருமைகள் இல்லாத ஈரநிலம்

ஈரநிலங்களை 'மீட்டெடுப்பது' பற்றி இன்று நிறையப் பேச்சு. சூழலியலையும் பண்பாட்டு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கணும் என்பதும் திட்ட அறிக்கைகளுக்குள் ஒரு நல்ல வாக்கியமாக வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த வருஷத்து நிலத்தை மீட்பது, யாருடைய ஞாபகத்திலிருந்து மீட்பது என்று கேட்டால்தான் சிக்கல். ராஜஸ்தானின் பரத்பூரில் இந்தக் கேள்விக்கு உயிர்ப்பலியே நடந்திருக்கிறது.

கேவலாதேவ் பறவைப் பூங்கா சுமார் 29 சதுர கி.மீ. அங்கே 'இயற்கை' என்று நாம் வாசிக்கும் பிரதியில் பாதிக்கு மேல் மண்வேலை. 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் கட்டிய அஜான் கரை, பிற்பாடு அரச குடும்பம் வாத்து சுடுவதற்காக அமைத்த வரப்புகள், மதகுகள். தண்ணி வந்தது, பறவை வந்தது, துப்பாக்கியும் வந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் சுட்டது 4,273 பறவைகள். இந்தக் கணக்கெல்லாம் பூங்காவுக்குள் கல்வெட்டாகவே நிற்கிறது. அதே நிலத்தில் எருமை மேய்த்தவர்களுக்கும் புல் அறுத்தவர்களுக்கும் வெட்டிவேர் தோண்டியவர்களுக்கும் கல்வெட்டு ஏது? பண்பாட்டு வரலாறு என்று தேடிப்போனால் முதலில் கையில் சிக்குவது மன்னனின் கல்தான். ஆவணத்தின் இந்த மௌனத்தைக் கணக்கில் எடுக்காத 'மரபு', வேட்டைக்காரனின் கதையாடலாகவே முடியும்.

தேசியப் பூங்கா என்ற அந்தஸ்து வந்ததும், 1982இல் மேய்ச்சலுக்குத் தடை. சலீம் அலியே தடையின் பக்கம் நின்றார். கால்நடை என்றால் அழிவு என்கிற சமன்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை அதிகாரத்துக்கு இல்லை. எதிர்த்துத் திரண்ட கிராமத்தவர்மீது போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள்.

அப்புறம் என்னாச்சு? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு 1990களின் தொடக்கத்தில் வேறு கதை சொன்னது. ஆய்வை நடத்தியவர் வி.எஸ். விஜயன். பிறகு கோவையில் சலீம் அலி பெயரிலான பறவையியல் மையத்தை வழிநடத்தியவரும் இவர்தான். பாஸ்பாலம் என்கிற ஒரு நீர்ப்புல்லை எருமைகள் தின்றும் மிதித்தும் கட்டுக்குள் வைத்திருந்தன. எருமை போனதும் புல் பாயாக விரிந்து தண்ணீரை மூடியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீந்தும் வாத்துகளுக்கு இடம் குறைந்தது. நீருக்கடியில் வளரும் செடிகளுக்கு வெளிச்சம் போயிற்று. மட்கிய புல் சேர்ந்து தரை மேடேறத் தொடங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லணும்: தன் பக்கத்து நம்பிக்கையைத் தன் கணக்கே பொய்யாக்கியபோது அதை எழுதிவைத்த நேர்மை அறிவியலுக்கு இருந்தது. அறிவியல் என்றாலே அதிகாரம் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடும் நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்காக இது.

கிராமத்தவர் இன்னொன்றும் சொல்கிறார்கள். வெட்டிவேர் தோண்டும்போது இறுகிய மண் இளகும், கிழங்கு தேடும் சைபீரியக் கொக்கின் அலகுக்கு அது வசதி என்று. 2002க்குப் பிறகு அந்தக் கொக்குகள் பரத்பூருக்கு வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டையைக் காரணமாகச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வெட்டிவேர்க்காரர் சொல்வதும் ஓர் அனுமானம்தான், சோதிக்கத்தக்க அனுமானம். அதை 'நாட்டுப்புற நம்பிக்கை' என்ற பெட்டிக்குள் போட்டு மரியாதை செய்வதும் ஒருவகை நிராகரிப்பே.

அதற்காக மேய்ச்சலைப் புனிதமாக்க வேண்டியதில்லை. எத்தனை எருமை, எந்த மாசம், தண்ணி எத்தனை அடி நிற்கும்போது என்பதைச் சூழலியல்தான் சொல்லணும். யாருடைய எருமை, எருமையே இல்லாதவனுக்கு அந்த நிலத்தில் என்ன இருந்தது என்பதை வரலாறு சொல்லணும். தண்ணீரிலும் இதே வில்லங்கம்தான். கம்பீர் ஆற்றில் மேலே பாஞ்சனா அணை. 2004இல் அங்கிருந்து தண்ணீர் விடக் கூடாதென்று விவசாயிகள் நின்றார்கள், பூங்கா காய்ந்தது. பறவைக்கா பயிருக்கா என்று அதைச் சுருக்கியவர்கள், அந்த ஆற்றில் யார் யாருக்கு எப்போதிலிருந்து பங்கு என்று கேட்கவில்லை.

1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலை அனுமதிப்பதில்லை. ஆய்வு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த விதி அப்படியே இருக்கிறது. பின்னாளில் சீமைக்கருவேலம் உள்ளே பரவியபோது, வேரோடு பிடுங்கி விறகை எடுத்துப்போகச் சொல்லி அதே கிராமத்தவரைத்தான் கூப்பிட்டார்கள், எருமையை மட்டும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு.