பச்சைக் குறி எதற்குச் சாட்சி?

திறமூல மென்பொருளை எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க, ஒருவர் அனுப்பும் மாற்றம் இன்னொருவர் எழுதியதை உடைக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்? தொடர் ஒருங்கிணைப்பு, அதாவது சி.ஐ., இதற்கு ஒரு விடை தருகிறது. மாற்றம் வந்ததும் ஒரு தனிக் கணினி முழு நிரலையும் புதிதாகத் தொகுத்து, சோதனைகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்பதை எல்லோரும் பார்க்க அறிவித்துவிடும். 1990களின் இறுதியில் கென்ட் பெக் இதை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையின் அங்கமாக்கியபோது, ஒரே அறையில் வேலை செய்யும் குழுவுக்கான பழக்கமாகவே இது இருந்தது. திறமூல உலகில் இது முகமறியாதவர்களுக்கிடையிலான பொதுவிதியாக வளர்ந்துவிட்டது. சோதிக்கும் இயந்திரம் இரவலாக இருக்கலாம். எதைச் சோதிப்பது என்ற விதி திட்டத்தின் சொந்தமாக இருக்க வேண்டும். சி.ஐ.யின் பலமும் பலவீனமும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் வாதம்.

பலத்தை முதலில் பார்ப்போம். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் உள்ள 34,000க்கும் மேற்பட்ட திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறக்குறைய 40 சதவீதம் சி.ஐ.யைப் பயன்படுத்தின; பயன்படுத்தியவை மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் புதிய பதிப்புகளை வெளியிட்டன. சுறுசுறுப்பான திட்டங்களே சி.ஐ.யையும் நாடுகின்றன, ஆகவே இது காரணமா விளைவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கையை விட்டுவிட்டுச் செயல்முறையைப் பார்த்தால் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர், முதன்மைக் கிளை எப்போதும் எல்லாச் சோதனைகளிலும் தேறிய நிலையிலேயே இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார். அதற்கென எழுதப்பட்ட போர்ஸ் என்ற நிரல், மாற்றத்தைத் தனியாகச் சோதிப்பதோடு நிற்காமல், முதன்மைக் கிளையோடு சேர்த்துப் பார்த்துத் தேறினால்தான் உள்ளே விடும். தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்தபின் மோதிக்கொள்ளும் இரண்டு மாற்றங்களை இதனால் முன்கூட்டியே பிடிக்க முடிகிறது. முதல்முறை பங்களிப்பவருக்கும் பல்லாண்டுப் பராமரிப்பாளருக்கும் ஒரே அளவுகோல். ஒற்றை மடிக்கணினி வைத்திருக்கும் தன்னார்வலரின் நிரல்கூட லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓட்டிப் பார்க்கப்படுகிறது.

ஆனால் சோதனை தேறியதைக் காட்டும் பச்சைக் குறி, கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளுக்குள் தீய நிரலை நுழைத்த சதி, 2024 மார்ச்சில் அம்பலமாகி, இதை உலகுக்கே உணர்த்தியது. தீய நிரலின் உடல், சோதனைக் கோப்பு என்ற வேடத்தில் திட்டத்தின் நிரல் களஞ்சியத்திலேயே இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. களஞ்சியத்தை மட்டும் சோதிக்கும் எந்த சி.ஐ.யும் அந்த வரிகளைப் பார்த்திருக்க முடியாது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளரே உண்மையைக் கண்டறிந்தார். சிவப்புக் குறிக்கும் ஒரு நோய் உண்டு. நிரல் மாறாமலே ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் சோதனைகள், ஏறக்குறைய 16 சதவீதச் சோதனைகளில் இந்தத் தடுமாற்றம் ஓரளவாவது இருப்பதாக 2016இல் கூகுள் நிறுவனமே தெரிவிக்கும் அளவுக்குப் பரவலானவை. காரணமில்லாமல் சிவப்பு அடிக்கடி எரிந்தால், உண்மையான சிவப்பையும் மக்கள் மதிக்க மாட்டார்கள்.

இரவல் இயந்திரத்தின் ஆபத்து வேறு வகை. 2011இல் தொடங்கிய டிராவிஸ் சி.ஐ., திறமூலத் திட்டங்களுக்குப் பல ஆண்டுகள் இலவசமாகவே கணினி நேரம் கொடுத்தது. 2020 நவம்பரில் அந்தச் சலுகை சுருங்கியது. 2021இல் திறமூலத்துக்கான பழைய தளமே மூடப்பட்டது. கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் இலவச இயந்திரங்களைச் சூறையாடியதும் ஒரு காரணம். சோதனை முறை முழுவதையும் அந்தச் சேவைக்கே உரிய அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. களஞ்சியத்திலேயே ஒரு சோதனை ஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்களுக்கோ அதை அழைக்கும் சில வரிகளை மாற்றினால் போதும். பிறர் எழுதித் தரும் ஆக்‌ஷன் என்ற துணை நிரல்களை சி.ஐ. பணியில் இணைப்பதும் ஒருவகை இரவல்தான். 2025 மார்ச்சில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு கிட்ஹப் ஆக்‌ஷன் தாக்கப்பட்டது. பழைய பதிப்பு டேக்குகள் தீய நிரலை நோக்கித் திருப்பப்பட்டு, ரகசியச் சாவிகள் லாக்கில் கசிந்தன. டேக்கை நம்பாமல் பழைய கமிட்டின், அதாவது மாற்றப் பதிவின், முழு அடையாள எண்ணைக் குறிப்பிட்டிருந்தவர்களை அந்தத் திருப்பம் தொடவில்லை.

ஒருவர் மட்டுமே பராமரிக்கும் சிறு நூலகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு சுமையாகாதா என்பது வலுவான மறுப்பு. ஆகும், பெரிய திட்டத்தின் அமைப்பை அப்படியே நகலெடுத்தால் நிச்சயம் ஆகும். ஆனால் ஒரே இயங்குதளம், ஒரே பணி, சில நிமிடங்களில் முடியும் சோதனை என்று தொடங்க எவருக்கும் தடையில்லை. அப்படியானால் சொந்த சர்வரிலேயே ஜென்கின்ஸ் போன்ற சி.ஐ. மென்பொருளை நிறுவிக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. அறிமுகமற்றவர் அனுப்பும் நிரலைச் சொந்த இயந்திரத்தில் ஓட்டுவது இரவலைவிடவும் ஆபத்து. சர்வரைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். இரவல் வாங்குவதில் தவறில்லை. நாளையே திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் திட்டம் நின்றுவிடாதபடி வாங்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே, புதிதாக சி.ஐ. அமைப்பவர்கள் சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் ஓடும் சோதனை ஸ்கிரிப்ட்டை எழுதிவிடுங்கள். சோதனைப் பணிக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். வெளியார் ஆக்‌ஷன்களை கமிட் எண்ணோடு கட்டிப்போடுங்கள். தடுமாறும் சோதனையைச் சரிசெய்யுங்கள் அல்லது நீக்குங்கள். வெளியிடும் தொகுப்பு களஞ்சியத்திலிருந்தே உருவானதா என்பதையும் சோதியுங்கள். இத்தனைக்கும் பிறகு பச்சைக் குறி விழுந்தாலும், மாற்றத்தை ஒரு மனிதர் வாசித்த பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள்.