கட்டணம் வாங்காத கப்பலும் நிரம்பிப் புறப்படும் வண்டியும்

1957ஆம் ஆண்டில் ஆர்தர் ஃப்ராமர் என்னும் அமெரிக்கர் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். நாளொன்றுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பா என்பது அதன் பெயர். 1973இல் டோனி வீலர், மோரீன் வீலர் தம்பதியர், தரை வழியே ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினர். அதன் தலைப்பிலும் மலிவு இடம்பெற்றது. நிலத்தின் பெயருக்குப் பக்கத்தில் பணத்தையும் நிறுத்திய இவ்விரு நூல்களும் ஒரு புதிய எழுத்து வகைக்குக் கால்கோள் செய்தன எனலாம்.

அவ்வகையை இழித்துரைப்பது நம் கருத்தன்று. சுற்றுலா முகவர் விதிக்கும் விலையைக் கொடுக்க இயலாத பள்ளி ஆசிரியரும் எழுத்தரும் மாணவரும் உலகம் காணக் கிளம்பியதற்கு இத்தகைய நூல்கள் துணிவு தந்தன. அந்த நன்றியை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வழியில் பெருகிவந்துள்ள பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்க்கு ஓர் உறுத்தல் ஏற்படாமல் போகாது. எழுதுகிறவர் தனியாகப் போனேன் என்கிறார். குறைந்த செலவில் போனேன் என்கிறார். இரண்டையும் தம் சாமர்த்தியத்தின் வரவில் எழுதிக்கொள்கிறார். தனிமையும் மலிவும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கத் தகுமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

துருக்கியின் தென்கடற்கரையை எடுத்துக்கொள்வோம். இவ்வகைக் கட்டுரையாளர்க்கு உவப்பான பாதை அது. கிழக்கே அலான்யாவிலிருந்து மனவ்காத் வழியாக அந்தாலியாவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே ஃபினிகே, தெம்ரே, காஷ், கல்கான், ஃபெத்தியே என மத்திய தரைக்கடலை ஒட்டிப் பட்டினங்கள் தொடர்கின்றன. டாரஸ் மலைத்தொடர் பலவிடங்களில் கடல் விளிம்பு வரை இறங்கி நிற்கிறது. இப்பட்டினங்களை இணைக்கும் இரயில் பாதை கிடையாது. கையில் காசு குறைந்தவருக்குப் பேருந்தே கதி.

பெரிய ஊர்களுக்கிடையே நெடுந்தூரப் பேருந்துகள் ஓடுகின்றன. சிற்றூர்களுக்குத் ‘தோல்முஷ்’ எனப்படும் சிறு வண்டிகள். அந்தத் துருக்கிச் சொல்லுக்கு நிரம்பியது என்று பொருள். ஆட்கள் நிரம்பிய பின்னரே புறப்படுவது அதன் பழைய மரபு. பின்னிருக்கையில் இருப்பவர் கொடுக்கும் காசு முன்னிருப்பவர்களின் கைக்குக் கை மாறி ஓட்டுநரைச் சேரும்; மீதிச் சில்லறை அதே கைகளின் வழியே திரும்பிவரும். இதனைக் கட்டுரையாளர்கள் வேடிக்கையாக வருணிப்பார்கள்; அதற்கு மேல் போவதில்லை. அவ்வழியே ஒருவர் தமக்கென்று ஒரு வாடகைக் காரை அமர்த்தினால் எவ்வளவு கொடுக்க நேரிடும்? தோல்முஷ்ஷில் அவர் கொடுப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. மிச்சத்தைத் தாங்குகிறவர்கள் உடன் அமர்ந்திருக்கும் மற்றவர்கள். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் மூதாட்டியும், தெம்ரேயின் தக்காளிப் பசுமைக்குடில்களுக்கு வேலைக்குப் போகும் இளைஞனும், கோடைப் பயணிகள் ஊர் திரும்பிய பிறகும் அவ்வழியில் போய்வந்துகொண்டிருப்பதால் அந்த வண்டி நிற்காமல் ஓடுகிறது. நம் தனிப்பயணியார் மலிவாகப் போகிறார் என்றால், அவர் தனியாகப் போகவில்லை என்பதுதான் அதன் காரணம். அவர் எழுதும் கட்டுரையிலோ அந்த மூதாட்டி ஒரு கூடையாகவும் ஒரு முக்காடாகவும் மட்டுமே வந்து மறைகிறார்.

இனி அதே கரைக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த வேறொரு முஸாபிரின் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மஅபரையும் மதுரையையும் நேரிற் கண்டு எழுதியவர் என்ற முறையில் இப்னு பதூதா நம் வாசகர்க்குப் புதியவரல்லர். 1330களின் தொடக்கத்தில் அவர் சிரியாவின் லாதிக்கிய்யா துறைமுகத்தில் ஜெனோவாக்காரர் ஒருவரின் பெரிய கப்பலில் ஏறி, பத்து இரவுகள் கடலில் கழித்து, இதே அலான்யாவில் கரையிறங்கினார். கப்பலிலிருந்த கிறிஸ்தவர்கள் தம்மைக் கண்ணியமாக நடத்தினர், கட்டணம் பெறவில்லை என்று அவரது ‘ரிஹ்லா’ பதிவு செய்கிறது. இன்றைய கட்டுரையாளர் கையில் இச்செய்தி கிடைத்திருப்பின், கடலைக் காசின்றிக் கடந்த உபாயமாக அது தலைப்பிலேயே ஏறியிருக்கும். இப்னு பதூதாவிடம் அது கொடுத்தவர்களைப் பற்றிய செய்தியாகவே நிற்கிறது.

ரொட்டியைப் பற்றிய குறிப்பும் அத்தகையதே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ரொட்டி சுட்டுவைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. சுட்ட அன்றே, சூடு ஆறுமுன், நல்ல உணவோடு சேர்த்து ஆண்கள் அதனை விருந்தினரிடம் கொண்டுவந்து தருவார்கள். அனுப்பியவர்கள் வீட்டிலுள்ள பெண்கள் என்பதையும், பதிலுக்கு அவர்கள் கேட்டது துஆ ஒன்றே என்பதையும் அவர் எழுதாமல் விடவில்லை. அடுப்படிவரை போய் நன்றி சொல்லும் பயண எழுத்து அந்நாளிலும் அரிது, இந்நாளிலும் அரிது.

அந்தாலியாவில் நடந்ததுதான் இப்பகுதியின் உயிர்நாடி. அவர் தங்கியிருந்த மத்ரஸாவுக்கு ஒருவர் வந்து, அங்கிருந்த ஷைகிடம் துருக்கி மொழியில் ஏதோ பேசினார். நைந்த ஆடை; தலையில் கம்பளித் தொப்பி. இப்னு பதூதாவுக்கு அப்போது அம்மொழி தெரியாது. தம்மை விருந்துக்கு அழைக்கிறார் என்று ஷைகு விளக்கியதும் அவர் திகைத்தார். இவர் ஏழை, விருந்து வைக்க இவரால் இயலாது, இவரைச் சிரமப்படுத்த நமக்கு மனமில்லை என்று தயங்கினார். ஷைகு சிரித்துவிட்டார். வந்தவர் செருப்புத் தைப்பவர். ‘அகீ’ எனப்படும் தோழமைக் கூட்டத்தின் தலைவர். பல தொழில்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேர் அவரைத் தலைவராகத் தேர்ந்து, விருந்தினர்க்கென ஒரு ஸாவியா கட்டியிருந்தனர். ஸாவியாவை நம் ஊர் வழக்கில் தைக்கா என்று புரிந்துகொள்ளலாம். பகலில் உழைத்துச் சம்பாதித்ததை இரவில் அங்கே செலவிடுவது அவர்கள் வழக்கம். மஃக்ரிபுக்குப் பின் அங்கே சென்றவர், அழகிய விரிப்புகளையும் ஈராக்கியக் கண்ணாடி விளக்குகளையும் கண்டு வியந்தார்.

விளக்குகள் கிடக்கட்டும். விமர்சகனின் கண் நிற்க வேண்டிய இடம் அந்தத் தயக்கம். தமக்குக் கிடைக்கும் இலவச உணவுக்குக் கொடுப்பவர் என்ன விலை தருகிறார் என்று முதலில் எண்ணிய மனம் அது. இன்றைய சிக்கனப் பயண எழுத்தில் நாம் தேடித் தேடிக் காணாதது இந்த ஒன்றைத்தான். கடைக்காரரிடம் பேரம் பேசி எவ்வளவு குறைத்தேன் என்பது வரும். குறைத்ததால் அவருக்கு என்ன ஆயிற்று என்பது வராது. பேருந்தில் பணியாளர் தேநீர் கொடுத்ததும், உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யா ஊற்றியதும் வரும். அவர் எப்போது உறங்குகிறார் என்பது வராது.

விலைப் பட்டியல் வாசகர்க்குப் பயன்படுமே என்பார் உண்டு. பயன்படும், எத்தனை நாளைக்கு? பணவீக்கம் மிகுந்த துருக்கியில் அச்சிட்ட விலை அடுத்த பருவத்துக்குள் பழசாகிவிடும். 2005ஆம் ஆண்டின் முதல் நாளில் அந்நாட்டு அரசு லிராவிலிருந்து ஆறு சுழிகளை நீக்கியது. பத்து லட்சம் பழைய லிரா ஒரு புதிய லிராவாயிற்று. அதற்குமுன் எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளில் பெருமையோடு குறித்திருந்த தொகைகளெல்லாம் ஒரே இரவில் பொருளிழந்தன. செருப்புத் தைத்தவரின் விருந்தை இன்றும் அப்படியே படிக்க முடிகிறது.

தனிமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாட்டு நெடுந்தூரப் பேருந்துகளில், தனியே வரும் பெண்ணுக்கு அறிமுகமற்ற ஆடவரின் பக்கத்து இருக்கையைத் தராமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இதனைக் கட்டுப்பாடு என்று எழுதியவர்களும் உண்டு. நிம்மதி என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எப்படியாயினும், தனியே போன பெண்ணின் துணிவுக்கு முன்பின் அறியாத சீட்டு எழுத்தர் ஒருவரின் கவனமும் துணைநின்றிருக்கிறது. அதனை நூலில் எழுதிவைப்பதால் அப்பெண்ணின் துணிவு குறைந்துவிடாது.

இப்னு பதூதாவைக் குறையற்றவராக நிறுத்த நாம் முயலவில்லை. அவர் தனியாகவும் வரவில்லை, ஏழையாகவும் வரவில்லை. உடன் தோழர் இருந்தார். கற்றவர் என்ற மதிப்பு அவருக்கு முன்னே நடந்தது. அலான்யாப் பகுதியின் ஆட்சியாளரும் அந்தாலியாவின் ஆட்சியாளரும் அவருக்கு அன்பளிப்பு வழங்கினர். நூலும் மரீனிய மன்னர் அபூ இனானின் ஆணையால், இப்னு ஜுஸைய் என்னும் அறிஞர் கேட்டு எழுத, 1355இல் முடிந்தது. அரசவைக்குரிய நூலாதலின், அவ்விரு ஆட்சியாளர்களின் பெயர்களும் அவர்தம் தந்தையரின் பெயர்களும் அதில் உள்ளன. கப்பல் தலைவரின் பெயரும் உள்ளது. கம்பளித் தொப்பிக்காரரின் பெயர் மட்டும் அங்கே எழுதப்படவில்லை.